தூளிக் கயிற்றில் வந்த பூங்கா

கோரையூர் ஆற்றங்கரைப் பூங்காவுக்கு உடையவர் உண்டு, உற்றவர் இல்லை. காவிரிக்கரை மண் மாநில அரசினுடையது, அந்த மண்ணில் வந்து உட்காருகிற சனம் மாநகராட்சியினுடையது, இரண்டுக்கும் நடுவில் கிடந்த புல்லும் பெஞ்சும் தும்பிக்கை உடைந்த யானைச் சறுக்கும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டவர்களெல்லாம், பதில் வரும்வரை உட்கார அங்கே உருப்படியாக ஒரு பெஞ்சு இல்லாததால், எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஓர் ஐப்பசி வெள்ளம் வந்து கரைச்சுவரை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு புல் முடிகிற இடமே ஆறு தொடங்குகிற இடமாகிவிட்டது. வார்டு கவுன்சிலர் செண்பகவல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, சுவருக்கும் கம்பி வேலிக்கும் விளக்குக்கும் ஊஞ்சலுக்கும் மாநகராட்சி நிதியைச் சண்டை போட்டு வாங்கினார். ஒவ்வொரு முறையும் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் அரசு இலாகா, எங்கள் மண்ணில் உங்கள் செங்கல் ஒன்றுகூட விழக்கூடாது என்றது. அப்படியானால் நீங்களே கட்டுங்கள் என்றால், எங்களிடம் நிதி இல்லை என்றது. பிள்ளை ஒரு வீட்டில், பால் இன்னொரு வீட்டில். நடுவில் பிள்ளை வீறிட்டுக்கொண்டே கிடந்தது.

அந்தப் பூங்காவுக்குத் தினமும் சாயங்காலம் கிண்ணத்தில் பருப்புச் சோறோடு போகிறவள் சாயக்காரத் தெரு லோசனி. கான்வென்ட்டில் படித்தவள், பயம் வந்தால் மாதாவிடம் பாதியும் மாரியம்மனிடம் மீதியுமாக முறையிடுகிறவள், பயம் வராத நேரமென்று அவளுக்கு ஒன்று கிடையாது. கேஸ் அடுப்புக்குப் பயந்தாள், திராட்சைக் கொட்டைக்குப் பயந்தாள், மொட்டைமாடிக் கதவுக்குப் பயந்தாள், குழந்தை இதழினி அதிக நேரம் தூங்கினால் பயந்தாள், தூங்காவிட்டாலும் பயந்தாள், எல்லாப் பயத்துக்கும் மேலே ஒரு பெரிய பயமாக ஆற்றுக்குப் பயந்தாள். ஆனால் இதழினிக்கோ ஆற்றைப் பார்த்தால்தான் வாய் திறக்கும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அந்த ஒற்றை அறைக்குள் நிலாவைக் காட்டினாலும் காக்காயைக் காட்டினாலும் செல்போனைக் காட்டினாலும் பூட்டிய வாயைத் திறக்காத பிள்ளை, தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் குருவிக்குஞ்சுபோல அண்ணாந்துவிடும்.

ஒருநாள் அவள் கிண்ணத்தைக் கழுவ முகத்தைத் திருப்பிய நேரத்தில், நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும் குழந்தையின் செருப்பில் ஒன்று ஆற்றில் விழுந்து, கடைசியாக ஒரு கீச் சொல்லிவிட்டு மிதந்து போனது. குழந்தை விளிம்பில் நின்று அதற்கு டாட்டா காட்டியது. அன்றிரவு லோசனி அழவில்லை. பரணிலிருந்து தூளிக் கயிற்றை எடுத்தாள், இதழினியைப் பிறந்ததிலிருந்து ஆட்டிய அதே கயிற்றை. மறுநாளிலிருந்து அதன் ஒரு நுனி குழந்தையின் இடுப்பில், மறு நுனி மரத்தின் அடியில்.

சுண்டல் விற்கும் பஷீர் பாய் அடுப்பை விசிறிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா லோசனி, கன்னுக்குட்டிக்குச் சுண்டல் போதுமா, தவிடு புண்ணாக்கு ஏதாச்சும் கொண்டாரட்டா?"

"சிரிங்க பாய், நல்லா சிரிங்க. அந்த ஆறு சிரிக்காம இருந்தா எனக்குப் போதும்."

அந்தக் கோடையின் கடைசியில் இலாகா ஒரு பலகை நட்டது. ஆடியில் அணையைத் திறந்துவிடுவார்கள், கரை ஆபத்தானது, ஆகவே பூங்கா பூட்டப்படும். திறக்கும் தேதி அதில் இல்லை. லோசனி அதைப் படித்துவிட்டு, இனி இந்தப் பிள்ளை எங்கே சாப்பிடும் என்று கவலைப்பட்டாள், ஆறில்லாத நிம்மதியில் கொஞ்சம் மூச்சும் விட்டாள், அப்படி மூச்சுவிட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு ஒரு காற்று வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு, முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டு, மாதாவே மாரியம்மா மாதாவே மாரியம்மா என்று ஓட்டமும் நடையுமாக வீடு வந்து கதவைச் சாத்தினாள். கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டாள். அவிழ்க்காத கயிறு வழியில் எங்கேயும் வெடுக்கென்று இழுக்கவில்லை, அதனால் அவளுக்கு நினைப்பும் வரவில்லை.

விடிந்ததும் அவள் கணவன் பிரபாகர், டவுன் பஸ் கண்டக்டர், ஷிப்டுக்குக் கிளம்பக் கதவைத் திறந்தவன் திரும்பி வந்து அவள் தோளைத் தட்டினான்.

"எந்திரி லோசனி. வாசல்ல மரம் நிக்குது."

"எந்த மரம்?"

"தூங்குமூஞ்சி. கூடவே யானையும் வந்திருக்கு. என் வண்டியை எடுக்க வழியில்ல."

எட்டிப் பார்த்தாள். பூங்கா வந்திருந்தது. சாயக்காரத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தாருக்கு மேலே ஒரு கனத்த ஜமுக்காளத்தை விரித்ததுபோலத் தன் மண்ணோடும் வேரோடும் புல்லோடும் படுத்திருந்தது. யானைச் சறுக்கு ரேஷன் கடை வாசலில் இறங்கியது, ஊஞ்சல் தையல்கடை வாசலில் ஆடியது, மரம் அவள் வீட்டுக்கு நேரெதிரே நின்றது, மரத்தடியிலிருந்து புறப்பட்ட தூளிக் கயிறு கதவிடுக்கில் நுழைந்து, பாயில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த இதழினியின் இடுப்பில் வந்து முடிந்திருந்தது. லோசனி ஓசைப்படாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கோலம் போடப் போகிறவள்போல வாளியோடு போய், இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாகப் பால் வாங்க வந்து நின்றாள்.

தெரு அதிசயப்படவில்லை, இடம் போதவில்லை என்றுதான் சண்டை போட்டது. பால்காரர் மரத்தைப் பார்த்து, வந்ததுதான் வந்தாய், கொஞ்சம் ஓரமாக நிற்கக்கூடாதா என்று கேட்டுவிட்டு, கேனைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிப் போனார். தையல்கடைக்காரர் ஊஞ்சல் தன் வாசலுக்கு வந்ததால் தன்னுடையதென்றார், எதிர்வீட்டுக்காரி அதன் நிழல் தன் வாசலில் விழுவதால் நிழல் தன்னுடையதென்றாள், இரண்டு பேரும் பேசி முடித்து, காலையில் கடைக்கும் மாலையில் வீட்டுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். கொடியில்லாதவர்கள் மரக்கிளையில் துணி காயப்போட்டார்கள். ஒரு நிச்சயதார்த்தம் மண்டபம் பிடிக்காமல் புல்லிலேயே நடந்தது. பிரபாகரின் பஸ் அந்தத் தெருமுனைக்குப் புதிதாக ஒரு நிறுத்தம் போட்டது. பூங்காவெல்லாம் எறங்கு, பூங்காவெல்லாம் எறங்கு என்று அவன் கூவியதில், ஆஸ்பத்திரிக்குப் போக ஏறியவர்கள்கூட இறங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, உடம்பு தேவலாம்போலிருக்கிறதென்று திரும்பிப் போனார்கள். பஷீர் பாய் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே ஒரு செக்கச்செவேலென்ற பள்ளத்தையும் இலாகாவின் பலகையையும் மட்டும் பார்த்துவிட்டு, அடுப்பு அணைவதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"சொல்லாம கொள்ளாம கெளம்பிடுச்சே," என்றார், பழக்கடைக்காரன் கடை மாற்றியதைச் சொல்வதுபோல.

லோசனிக்குத்தான் உள்ளுக்குள் ஒரு தீபாவளி. பூங்கா இருக்கிறது, ஆறு இல்லை. மரம் இருக்கிறது, விளிம்பு இல்லை. இதைவிட என்ன வேண்டும்? பிள்ளை இப்போது கயிறில்லாமல் ஓடியது, விழுந்தது, எழுந்தது, மண்ணைத் தின்றது, அவள் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இலாகாவின் உதவிப் பொறியாளர் தனசேகரன் ஜீப்பில் வந்தார். நேர்மையானவர், சட்டையில் மடிப்புக் கலையாதவர், தன் பொறுப்பிலிருந்த ஒரு பூங்கா காணாமல் போனதை மேலிடத்துக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கண்ணுக்கடியில் கருத்துப் போனவர். செண்பகவல்லி யானையின் மேல் கையூன்றிக்கொண்டு அவரை வரவேற்றார்.

"மேடம், இது அரசுச் சொத்து. உடனே ஒப்படைக்கணும்."

"யாரு சார் இல்லேன்னா? நிலம் உங்களுது. அது அங்கேயேதான் கெடக்கு, பள்ளமா. பத்திரமா பாத்துக்குங்க."

"பூங்கா?"

"பூங்கா எங்க ரோட்டுல நிக்குது. ஒரு மாடு ரோட்டுல நின்னா புடிக்கிறது யாரு? மாநகராட்சி. அதுக்குத் தண்ணி காட்டறது யாரு? மாநகராட்சி. ரோட்டுல நிக்கிற பூங்காவுக்குச் சுவர் வைக்கிறது யாரு?"

தெருவே சேர்ந்து சொன்னது: "மாநகராட்சி!"

"சட்டத்துல இதுக்கு எடமில்ல மேடம்."

"சட்டத்துல எடமில்லாமத்தானே சார் இது எங்க தெருவுக்கு வந்து எடம் கேட்டுச்சு?"

அத்தனை வருஷம் கொட்டாமல் தேக்கி வைத்திருந்த நிதி, அணை திறந்ததுபோல வந்து இறங்கியது. செங்கல் வந்தது, சிமெண்டு வந்தது, கம்பி வேலி வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, யானைக்குப் புதுத் தும்பிக்கை வந்தது, பெண்களுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வந்தது. கரைச்சுவர் எழுப்ப வந்த கொத்தனார் மட்டும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையைச் சொறிந்தார்: ஆறே இல்லாத தெருவில் எந்தப் பக்கம் ஆறென்று சுவர் வைப்பது? இதழினி புல்லின் மேல் நடந்துபோய், சாக்கடையோரம் நின்று, அந்தத் திசையைப் பார்த்து டாட்டா காட்டினாள். அந்தப் பக்கத்துப் புல்லெல்லாம் இன்னும் ஆற்றுக்காற்றில் படுத்த மாதிரியே படுத்திருப்பதைக் கொத்தனாரும் பார்த்தார். சாக்கடைக்குக் கரை கட்டுகிறார்களடா என்று பக்கத்துத் தெரு சிரிக்கச் சிரிக்க, சுவர் எழும்பியது. ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் இறங்க வேண்டுமென்று செண்பகவல்லி சொன்னதால் நடுவில் படிகளும் படியின் மேலே ஓர் இரும்புக் கதவும், கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியும் வைத்தார்கள்.

எல்லாம் ஆனது, மரம் மட்டும் தூங்கவில்லை. பொழுது சாய்ந்தால் இலையைக் கூப்பிக்கொள்கிற தூங்குமூஞ்சி மரம், தெருவுக்கு வந்த நாளிலிருந்து இராப்பகலாக இலையை விரித்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல நின்றது. மஞ்சளாக உதிரவும் தொடங்கியது. இதழினியும் சோற்றைத் துப்பத் தொடங்கினாள். மரத்தடியில் உட்காரவைத்து, யானையைக் காட்டி, புது விளக்கைக் காட்டி, பஷீர் பாய் கொடுத்த சுண்டலை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியும், பிள்ளை சுவரைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்.

"தண்ணி எங்க?"

"தண்ணி ஊருக்குப் போயிருக்கு கண்ணு."

"செருப்பு எங்க?"

லோசனி சோற்றுக் கிண்ணத்தை மூடி வைத்தாள். குழந்தையின் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படத் தொடங்கியது.

ஆடி பிறந்தது. பள்ளத்தைப் பற்றி மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டதென்று தனசேகரன் ராட்சத இயந்திரங்களோடு வந்தார். தள்ளிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், சங்கிலி அறுந்ததே தவிர பூங்கா ஓர் அங்குலம் நகரவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேறு வழியில்லை, பெருக்கு முடிந்ததும் மரத்தை அறுத்து, மண்ணை வெட்டி, லாரி லாரியாக ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளத்தைத் தூர்க்கப் போகிறோம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் லோசனி அரிசி டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். கயிற்றை எடுத்துக்கொண்டுபோய்ச் செண்பகவல்லியின் முன்னால் வைத்தாள். பிரபாகரும் கூட நின்றான்.

"அக்கா, அது தானா வரல. நான்தான் கூட்டியாந்தேன். பாப்பா இடுப்புல கட்டியிருந்தேன், அவுக்க மறந்துட்டேன்."

செண்பகவல்லி கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"பயமா இருந்துச்சு. அப்புறம்..." அவள் கயிற்றில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள். "அப்புறம் நல்லா இருந்துச்சுக்கா. ஆறு இல்லாம."

"இப்ப?"

"புள்ள சாப்புட மாட்டேங்குது. மரமும் செத்துரும். திருப்பிக் கொண்டு போகணும்னா அவதான் முன்னாடி போகணும். முன்னாடின்னா..." அவள் கையால் காட்டினாள். மரத்துக்கு முன்னால் புல், புல்லுக்கு முன்னால் சுவர், சுவருக்கு முன்னால் கயிற்றின் நுனியில் குழந்தை. பூங்கா தன் இடத்தில் போய் உட்கார வேண்டுமென்றால், அந்தக் குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்குள், புதுத்தண்ணீரில் நிற்க வேண்டும்.

பிரபாகர், "நான் தூக்கிக்கிட்டுப் போறேன்," என்றான்.

"ஒங்க இடுப்புலயா இருந்தா அன்னிக்கு?" என்றாள் லோசனி. "என் இடுப்புலதானே இருந்தா. நான்தான் போகணும்."

சொன்ன பிறகுதான் தன் வாய் என்ன சொன்னதென்று அவளுக்கே கேட்டது.

ஆடிப் பதினெட்டு அன்று கோரையூர்ப் பிள்ளைகள் வழக்கம்போலச் சின்னச் சின்னச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டார்கள், மரச்சட்டத்தில் கலர்த்தாள் ஒட்டியவை, அட்டைப்பெட்டியில் சக்கரம் வைத்தவை, ஒற்றைச் சக்கரம் கழன்று தேய்ந்துகொண்டே வருகிறவை, நூலின் நுனியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சப்பரம். எல்லோருக்கும் முன்னால் இடுப்பில் தூளிக் கயிற்றோடு இதழினி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு லோசனி. குழந்தை ஓர் அடி வைத்தது. கயிறு விறைத்தது. பின்னால் ஒரு பெரிய மனுஷி எழுந்திருக்கும்போது சேலை சரசரக்குமே, அப்படி ஒரு சத்தம் கேட்டது, பூங்கா எழுந்தது.

சாயக்காரத் தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். புல் நகர்ந்தது, பெஞ்சுகள் நகர்ந்தன, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்காமலே நகர்ந்தார்கள், விளக்குக் கம்பங்கள் தேர்ச்சீலைபோல ஆடிக்கொண்டு வந்தன, கழிப்பறை தன் தாழ்ப்பாளோடு வந்தது, யானை புதுத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. பஷீர் பாய் வண்டியை ஏற்கெனவே புல்லின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார், இந்த முறை தன்னை விட்டுவிட்டுப் போக முடியாதல்லவா. கடைத்தெருவில் பூக்காரிகள் கூடையைக் கவிழ்த்தார்கள். பிரபாகர் முன்னால் ஓடி, போக்குவரத்தை நிறுத்தி, ரைட் போகலாம் ரைட் ரைட் என்று விசில் ஊதினான், வாழ்நாளில் அவன் அனுப்பிய வண்டிகளிலேயே அதுதான் பெரிது.

ஆற்றங்கரையில் பள்ளத்தின் ஓரம் தனசேகரன் நின்றார். வழியை மறிப்பதற்காகத்தான் வந்திருந்தார்.

"மேடம், மாநகராட்சிக் கட்டுமானத்தை அரசு நிலத்துல..."

"கட்டலையே சார்," என்றார் செண்பகவல்லி. "ஒரு செங்கல் உங்க மண்ணுல வச்சோமா? உங்க பூங்காதான், பொறந்த வீட்டுக்கு வருது. வெறுங்கையோடயா வரும்? சீரோட வருது. வாங்கி வைங்க."

தனசேகரன் வருகிற சுவரைப் பார்த்தார். அதன் நேரான வரிசையைப் பார்த்தார், ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார், தும்பிக்கையைப் பார்த்தார். பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக ஒதுங்கினார்.

லோசனி பள்ளத்தில் இறங்கி ஏறி ஆற்றின் விளிம்புக்கு வந்தாள். செந்நிறமாக, பூவும் மஞ்சளும் காதோலையுமாகச் சுழித்துக்கொண்டு போனது ஆறு. அவள் கால் நின்றுவிட்டது. பின்னால் பூங்காவும் நின்றது. குலவை நின்றது. மாதாவும் வரவில்லை, மாரியம்மாவும் வரவில்லை, வாயில் காற்றுதான் வந்தது.

"தண்ணி!" என்றாள் இதழினி, காணாமல்போன சொந்தக்காரரைக் கண்டதுபோல.

லோசனி குழந்தையை இடுப்பில் தூக்கினாள். கணுக்கால், முழங்கால், தொடை. தண்ணீர் குளிர்ந்து, மாடு உரசுவதுபோல உரசியது. ஏற்கெனவே இறங்கியிருந்த பெண்கள், மஞ்சள் கயிறு மாற்ற வந்தவர்களும் முளைப்பாரி விட வந்தவர்களும், யாரும் சொல்லாமலே அவளைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். ஒருத்தி, "கெட்டியா நில்லு தாயி, நாங்க இருக்கோம்ல," என்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று லோசனி திரும்பிக் கரையைப் பார்த்தாள். இதழினி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"வா," என்றாள்.

பூங்கா வந்தது. முழுப் பூங்காவும் சரிவில் இறங்கி வந்து, பள்ளத்தில் பிள்ளைத்தாய்ச்சி உட்காருவதுபோல மெல்லப் பின்புறத்தை வைத்து, அசைந்து, இடம் பார்த்து, உட்கார்ந்தது. தும் என்று ஒரே சத்தம். சுவர் அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. படிகளின் கடைசிப் படி அவள் பாதத்தை வந்து தொட்டது.

கரையெல்லாம் கூச்சல், விசில், குலவை. லோசனி படியேறினாள். கதவுக்குள் வந்து, கொக்கியை மாட்டி, மாட்டியதை ஆட்டிப் பார்த்து, மறுபடியும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறக்கிவிட்டு, நனைந்து இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அந்த வாரத்துக்குள் வேறு வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்குப் பாதியில் நின்ற பாலம், ஒருவருக்கு இரண்டு ஊராட்சிக்கும் நடுவில் கிடக்கும் பள்ளிக்கூடம், கயிற்றைக் கொஞ்சம் தரமுடியுமா என்றார்கள். அவள் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. "கயிறு எடுத்துக்குங்க. ஆனா கொழந்தையும் அம்மாவும் உங்க ஊர்க்காரங்களா இருக்கணும்," என்று சொல்லி அனுப்பினாள். கரையில் இப்போது இரண்டு பலகைகள் நிற்கின்றன, அரசினுடையது ஒன்று, மாநகராட்சியினுடையது ஒன்று, இரண்டின் மேலும் ஒரே கொக்குதான் மாறி மாறி உட்காருகிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் இதழினி வேலிக் கம்பிகளுக்கு நடுவில் முகத்தைப் பதித்து, ஆறு போகப் போகப் பார்த்துக்கொண்டு, கிண்ணத்துச் சோறு முழுவதையும் தின்று முடித்து, இன்னும் என்றாள். தலைக்கு மேலே மரம் இலைகளைக் கூப்பித் தூங்கப் போனது. பஷீர் பாய் ஒரு பொட்டலம் சுண்டலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"கன்னுக்குட்டிக்கா பாய்?"

"அது வயிறு நெறஞ்சிருச்சும்மா. இது தாய்ப்பசுவுக்கு."

லோசனி வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாக மென்று சாப்பிட்டாள்.